பதினான்காம் கேள்வி

வெம்பக்கோட்டை விலக்கில் பஸ் நிற்கும்போதே நிழற்குடைக்குள் அய்யம்மாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடலாமா என்று பெர்சிஸ் ஒரு கணம் நினைத்தாள். தோளில் ஐஸ் பெட்டி. அங்கிருந்து திரும்பி நடக்க ஒன்றரைக் கிலோமீட்டர். இறங்கிவிட்டாள்.

"சீட்டு வந்துருச்சா நர்சம்மா?"

"இன்னும் வரலக்கா."

"ஒம்பது நா ஆச்சு."

"தெரியும்க்கா."

"பீயைக் குடுத்தா நாலு நாள்ல சொல்லிருவோம்னீக. அதைக் குடுக்கதுக்கே எனக்கு ரெண்டு நாளாச்சு. அம்புட்டு வெக்கம். வெக்கத்தையும் விட்டுக் குடுத்தாச்சு, இன்னும் சீட்டக் காணோம்."

பெர்சிஸ் பெட்டியைக் கீழே வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டாள். ஆலங்குளத்தில் அவளுடைய அப்பா முப்பது வருஷம் சுண்ணாம்புக்கல் சுமந்தவர். படித்தால் சுமக்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் நர்சிங் படிக்கவைத்தார். இப்போது அவள் சுமப்பது பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒருத்தருடைய மலம். வாந்தி பேதி வைரஸ் பட்டாசு ஆலைகளில் எப்படிப் பரவுகிறது, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், விழுந்தவர்களை எப்படித் தேற்றலாம் என்று ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்வில் அவள் ஒப்பந்த நர்ஸ். வெயில், பஸ், வாசல் வாசலாக ஒரே கேள்விகள். ஆய்வு என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

அய்யம்மாள் ஒரு பட்டாசு ஆலையில் பதினோரு வருஷமாகக் குடிதண்ணீர் சுமந்தவள். வாசலில் இருக்கும் தொட்டியில் பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் ரூம் ரூமாகக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். நாற்பது ரூம். ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பூச்சட்டி என்கிற புஸ்வாணம் செய்யும் ரூமில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆறு பேர். மறுநாள் மாலைக்குள் இருபத்தேழு பேர். முதலில் ஏதோ புகை என்று ஓடினார்கள். புகை இல்லை என்று தெரிந்ததும் போர்மேன் முனியராஜ் சுற்றும்முற்றும் பார்த்தான். நாற்பது ரூமுக்கும் போய்வருகிற ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

"தண்ணிதாம்லே," என்றான். குடத்தை வாங்கிக் கவிழ்த்தான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமைக்குள் சுற்றுப்பட்டு ஆலைகள் எல்லாவற்றுக்கும் சேதி போய்விட்டது. அய்யம்மாளுக்கு ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது: வாந்தித் தண்ணிக்காரி. மூன்று கம்பெனி வாசலில் போய் நின்றாள். தீபாவளி சீசன், கை காலுள்ள எவரையும் வேலைக்கு எடுக்கிற காலம். அவளை எடுக்கவில்லை.

தண்ணீரில் ஒன்றுமில்லை என்று ஒரு சீட்டு. அது மட்டும்தான் அவளுக்கு வேண்டும்.

"இன்னைக்கு போன் போட்டுக் கேக்கேன்க்கா. வீட்டுக்குப் போங்க, வெயிலா இருக்கு."

"வீட்டுல மட்டும் என்ன மழையா பெய்யிது?" என்றாள் அய்யம்மாள். எழுந்திருக்கவில்லை.

பெர்சிஸ் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடிக்குப் போய் விருதுநகர் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தாள். ஜெபசுந்தர் அங்கே டெக்னீஷியன். அவள் போகிற அதே சர்ச்சுக்கு வருகிறவன். நான்காவது தடவைதான் எடுத்தான்.

"உன் செட்டா? மெஷின்ல ஓடிருச்சே. ஒண்ணு போட்டேன், ஒண்ணும் பாசிடிவ். நோரோதான்."

"ஒண்ணா? நான் இருபது குப்பி குடுத்தேண்ணே."

"பத்தொம்பத ஒதுக்கியாச்சு. மருந்து எடுத்தவங்க. ஆன்டிபயாடிக் எடுத்த ஆளோட சாம்பிள் இதுல சேராதுன்னு விதி இருக்குல்லா? பதினாலாங் கேள்வியப் பாரு. ஆமா, ஆமா, ஆமான்னு வரிசையா டிக்கு."

"வைரஸ் ஆன்டிபயாடிக்குக்குச் சாகாதுண்ணே."

"எனக்குத் தெரியாதா? விதிய எழுதுன ஆளுகிட்டப் போய்ச் சொல்லு. 'இல்லை'ன்னு டிக் விழுந்தது ஒண்ணே ஒண்ணு. பதினேழாம் நம்பர்."

"பதினேழு யாருன்னு போட்டிருக்கு?"

"பேரு எங்களுக்கு வராதே. தொழில் மட்டும் இருக்கு. 'குடிநீர் எடுத்துச் செல்பவர்'."

அவள் திரும்பிப் பார்த்தாள். நிழற்குடைக்குள் அய்யம்மாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அவுக வாந்தியே எடுக்கலண்ணே."

"எடுக்காமலும் இருக்கும். சும்மா வயித்துல தங்கிட்டு வெளிய போகும். உனக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழம ரிப்போர்ட்டு போகுது. சோதித்தது ஒன்று, பாசிடிவ் ஒன்று. வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு காப்பி, கம்பெனிக்கு ஒரு காப்பி."

பெயர் இல்லாவிட்டால் என்ன? அந்த ஆலையில் குடிநீர் எடுத்துச் செல்கிறவர் ஒருத்திதான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பத்தொம்பதத் தூரப் போட்டுறாதீங்க," என்றாள்.

"ஃப்ரீசர்ல கெடக்கு. யாரு திருடப்போறா?"

அந்தப் படிவங்களை நிரப்பியது பெர்சிஸ் அல்ல. குப்பிகளை வாங்கிய இரண்டாம் நாளே அவளும் விழுந்துவிட்டாள். கையுறை போட்டிருந்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், ஆனாலும் எங்கோ ஒரு தாழ்ப்பாளையோ குப்பி மூடியையோ தொட்டிருக்கிறாள். இரண்டு நாள் கக்கூஸுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். அந்த இரண்டு நாளும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது பஞ்சம்மாள், ஊரில் ஆய்வுக்கு உதவி செய்கிற பெண். எட்டாவது வரை படித்தவள். போன வருஷம் வரை அவளும் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பஞ்சம்மாள் வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"பதினாலாங் கேள்விய எப்படிக் கேட்ட?"

"எதுக்கா அது?"

பெர்சிஸ் படிவத்தை நீட்டினாள். பஞ்சம்மாள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "கடந்த ஏழு நாட்களில் மருந்து எடுத்துக்கொண்டீர்களா? ஏழு நாளைக்குள்ள மருந்து எடுத்தீகளான்னு கேட்டேன். எடுத்தோம்னாக. டிக் போட்டேன்."

"எல்லாருமா எடுத்தாக?"

"பெறகு? மருந்து எடுக்காம பூச்சட்டி எப்படிக்கா செய்ய முடியும்? நீங்க என்ன, கேள்வியே ஒரு மாதிரியா கேக்கீக!"

பெர்சிஸ் படிவத்தை வாங்கி அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

இந்த ஊர்ப்பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். கலவை ரூமில் இருந்து காலையில் தட்டில் அளந்து வாங்கிவருவதற்குப் பெயர் மருந்து எடுப்பது. ஆஸ்பத்திரியில் கொடுப்பது மாத்திரை, ஊசி, டானிக். மெட்ராஸில் உட்கார்ந்து படிவத்தைத் தமிழாக்கியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆலங்குளத்துக்காரியான தனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அய்யம்மா மட்டும் இல்லைன்னாகளாக்கும்?"

"ஆமா. 'நான் எங்கடி மருந்து எடுத்தேன், தண்ணிதான எடுத்தேன்'னு சண்டைக்கு வந்துச்சு." பஞ்சம்மாள் சிரித்தாள். பெர்சிஸ் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "தப்பாயிருச்சாக்கா?"

"தப்பு உம்மேல இல்ல. கெளம்பு. பத்தொம்பது வீடு இருக்கு."

வேலை விட்டு வேன் வந்து இறங்கியபின்தான் ஆட்கள் கிடைப்பார்கள். முகமெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க, சோறு பொங்கவும் தெம்பில்லாமல் வருகிறவர்கள். அவர்களை வாசலிலேயே மறித்து, "ஆஸ்பத்திரி மாத்திரை ஏதும் முழுங்குனீகளா? ஊசி போட்டீகளா?" என்று கேட்டுப் புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

"எங்க பீயப் பத்தி எத்தனவாட்டிதான் கேப்பீக?" என்றாள் ஒருத்தி.

"இதான் கடைசி."

"போனவாட்டியும் கடைசின்னுதான சொன்னீக. அதுக்கென்ன பேரு சொன்னீக? நூறோவா?"

"நோரோ."

"நூறு பேருக்கு வரும்னுதான் அப்படிப் பேரு வச்சிருப்பாக." அவள் விரலை மையில் ஒற்றினாள். "சரி, இதுக்கு என்ன மாத்திரை?"

"இதுக்குன்னு மாத்திரை கிடையாது. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டே இருக்கணும். ரெண்டு மூணு நாள்ல தானா நிக்கும்."

"தானா நிக்கதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

பெர்சிஸிடம் இதற்குப் பதில் உண்டு. எப்போதும் சொல்கிற பதில். அன்றைக்கு அதைச் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

பதினான்கு வீடு முடிந்தது. பாக்கி ஐந்து பேர் ஆனைக்குட்டம் பக்கத்துக்காரர்கள். அவர்களை ஆலையிலேயே பிடித்தால்தான் உண்டு. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஆலை வாசலில் போய் நின்றாள். செல்போனை வாட்ச்மேனிடம் கொடுக்கவைத்துவிட்டுத்தான் முனியராஜ் உள்ளே விட்டான்.

"திரும்பவுமா சிஸ்டர்? லோடு நிக்கி, ஆர்டர் நிக்கி, நீங்க வேற."

"அஞ்சு கையெழுத்துதான் அண்ணாச்சி."

மணி அடித்தது. ரூம்களில் இருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு ரூமுக்கும் முன்னால் ஒரு சிமெண்ட் தொட்டி. தீ பிடித்தால் அணைப்பதற்கு வைத்தது. வந்த ஆள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக முழங்கை வரை அதற்குள் கையை விட்டு அலசினார்கள். கையில் மருந்து இருக்கும்போது சோற்றைத் தொடக் கூடாது என்பதில் இங்கே யாரும் ஏமாற்றுவதில்லை. அதில் அவ்வளவு கவனம். அலசிவிட்டு, உதறிவிட்டு, தூக்குவாளியைத் திறந்தார்கள். தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

முதல் நாள் வந்தபோதும் பெர்சிஸ் இதைப் பார்த்தாள். எல்லாத் தண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுக்கச் சொல்லியிருந்ததால் இந்தத் தொட்டியிலும் ஒரு பாட்டில், குடத்தின் அடியில் ஒட்டிக்கிடந்ததில் ஒரு பாட்டில் என்று பிடித்துக் கொடுத்திருந்தாள்.

"இந்தத் தண்ணிய எப்ப மாத்துவீக?"

"வாரம் ஒருக்க. தண்ணி எங்கன கெடக்கு? வைப்பாத்துல மணலு கூட இல்ல."

"ரூமுக்கு ஒரு கொழா போட முடியாதா?"

"பிளான் மாத்தணும், லைசன்சுல காட்டணும். சீசன்ல எவன் பாப்பான்?"

"பிளீச்சிங் பவுடராவது..."

முனியராஜ் சிரித்தான். "அதக் கொண்டுவந்து இந்த மருந்துக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லுதீகளா? வாந்தியோட போகாது சிஸ்டர், ரூமே போகும். கைக்குத் தடவுத சானிடைசருங்கீகளா, அது பூரா ஸ்பிரிட்டு. அதையும் உள்ள விட மாட்டேன்."

அந்த சானிடைசர் இந்த வைரஸுக்கு அவ்வளவாகக் கேட்காது என்று அவள் சொல்லவில்லை. ஆய்வு அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் பிளீச்சிங் பவுடர்தான் முதல் வரி. பையில் இருநூறு பிரசுரம் கிடந்தது.

"அய்யம்மாதான்னு எப்படி அண்ணாச்சி முடிவு பண்ணுனீக?"

"நான் முடிவு பண்ணல. சனம் முடிவு பண்ணிருச்சு. எனக்கும்தான் அன்னைக்கு வாந்தி, எம்மகளுக்கும் வாந்தி. ஒரு ஆளச் சொல்லலைன்னா மறுநா ஒருத்தரும் வேலைக்கு வந்திருக்க மாட்டாக. மருந்துதான் காத்துல கலந்துருச்சுன்னு ஓடியிருப்பாக." கொஞ்சம் நிறுத்தி, "பாவந்தான்," என்றான்.

ஐந்து கையெழுத்தும் வாங்கி, சாயங்காலமே விருதுநகர் போய் ஜெபசுந்தர் மேஜையில் பத்தொன்பது படிவத்தையும் வைத்தாள். ஆறு பேர் நிஜமாகவே ஊசி போட்டிருந்தார்கள். பதின்மூன்று மிஞ்சியது.

"மருந்துன்னா வெடிமருந்தா?" ஜெபசுந்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தான். "காலைல போடுதேன். தண்ணி ரெண்டையும் சேத்தே போட்டுருதேன். சாயங்காலம் ரிப்போர்ட்டு போகும். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்குப் போன் வந்தது. சோதித்தது பதினான்கு. பாசிடிவ் பன்னிரண்டு. குடத்துத் தண்ணீரில் இல்லை. கை அலசும் தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. இரண்டு தாளில் ரிப்போர்ட். தொழில் வாரியாக எழுதாமல், பன்னிரண்டு தொழிலாளர்கள் என்று மட்டும் எழுதச் சொல்லிக் கேட்டாள். யோசித்துவிட்டுச் சரி என்றான்.

சனிக்கிழமை நிழற்குடைக்குள் அய்யம்மாள் அதே இடத்தில் இருந்தாள். பெர்சிஸ் தாளைக் கொடுத்தாள். அய்யம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் வாங்கி, மேலும் கீழும் பார்த்தாள்.

"குடத்துத் தண்ணியில ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு. கை அலசுத தொட்டியில இருக்குன்னு போட்டிருக்கு."

"எங்கன?"

பெர்சிஸ் விரலை வைத்துக் காட்டினாள். அய்யம்மாள் அந்த வரியில் தன் விரலையும் வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. உங்கள் முடிவை உங்களுக்குச் சொல்வோம் என்று கையெழுத்து வாங்கிய தாள் பெர்சிஸ் பையில்தான் இருந்தது.

"அக்கா, உங்க வயித்துலயும் அது இருந்திருக்கு."

"எது?"

"அந்தக் கிருமி. பன்னெண்டு பேருல நீங்களும் ஒண்ணு."

"எனக்கு ஒண்ணுமே செய்யலையே. நான் வாந்தி எடுக்கலையே."

"சில பேருக்குச் செய்யாது. இருந்துட்டுப் போயிரும்."

அய்யம்மாள் விரலை வரியில் இருந்து எடுத்துவிட்டாள். வெடிச் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று சிவகாசிப் பக்கம் போனது.

"அப்ப நாந்தானா?"

"தெரியாதுக்கா. உங்களுக்குத் தொட்டியில இருந்து வந்திருக்கலாம். தொட்டிக்கு உங்ககிட்ட இருந்து போயிருக்கலாம். நீங்களும் அதுலதான கை அலசுனீக?"

"எல்லாரும் அதுலதான அலசுவாக."

"அதான். யாரு மொதல்லன்னு எந்த மெஷினும் சொல்லாது."

"இது இந்தச் சீட்டுல இருக்கா?"

"இல்ல. உங்க பேரு எங்கயும் இல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு விதி."

"நல்ல விதி," என்றாள் அய்யம்மாள். "சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

பெர்சிஸ் ஐஸ் பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டாள். அய்யம்மாள் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். "சரி. இதக் கொண்டுபோய்க் காட்டுதேன். மத்தது என்னோட இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஆலை இருக்கும் பக்கம் நடந்தாள். அந்த வெயிலில், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல்.

பதினான்கு நாள் கழித்து எல்லாரிடமும் மறுபடி ஒரு குப்பி வாங்க வேண்டும். வைரஸ் எத்தனை நாள் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு. இந்த முறை படிவத்தைப் பெர்சிஸே எடுத்துக்கொண்டு போனாள். பதினான்காம் கேள்வியைத் திருத்தச் சொல்லி அவள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பழைய படிவமே இன்னும் முந்நூறு மீதி இருந்தது.

ஆலைக்குள் தொட்டிகள் அங்கேயேதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கப்பு தொங்கியது. கோரி ஊற்றிக் கழுவுவதற்கு. பக்கத்தில் ஒரு சோப்புத் துண்டு. "கொழாய்க்குப் பதிலா இதாவது," என்றான் முனியராஜ். சிலர் கோரி ஊற்றினார்கள். பலர் பழக்கத்தில் கையை உள்ளேயே விட்டார்கள்.

குடிதண்ணீர்க் குடம் வேறொரு பெண்ணின் தலையில் இருந்தது.

"அய்யம்மா வரலையா அண்ணாச்சி? சீட்டக் காட்டுனாங்கல்லா?"

"காட்டுச்சு. ரூம் ரூமா வாசிச்சும் காட்டுனேன். ஒருத்தரும் அது கையால தண்ணி குடிக்க மாட்டேங்காக. சீட்டு குடிக்கவா சிஸ்டர் போகுது?" அவன் பன்னிரண்டாம் ரூமைக் காட்டினான். "ஆனா வேலைக்கு எடுத்துட்டேன். பூச்சட்டிக்கு ஒரு ஆள் கொறைஞ்சுது. அங்கன தண்ணி குடுக்க வேண்டாம்லா."

பன்னிரண்டாம் ரூம் வாசலில் உட்கார்ந்து, சாப்பாட்டு மணிக்காகப் பெர்சிஸ் காத்திருந்தாள். அய்யம்மாள் வெளியே வந்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. புருவம், மூக்கு நுனி, காது மடல் எல்லாம் வெள்ளியாகியிருந்தன. கப்பில் கோரி, சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து நிதானமாகக் கழுவினாள். அந்த வரிசையில் அப்படிக் கழுவியது அவள் ஒருத்திதான்.

"என்ன நர்சம்மா, திரும்பவும் குப்பியா?"

"ஆமாக்கா. இதான் கடைசி."

"அதான் தெரியுமே." தூக்குவாளியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கேளுங்க, சீக்கிரம். அரைமணிதான் குடுப்பான்."

வாந்தி உண்டா, பேதி உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. பதின்மூன்று வரை டிக் போட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த கேள்வியில் பெர்சிஸின் பேனா நின்றது. எப்படிக் கேட்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். மாத்திரை, ஊசி என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அய்யம்மாள் தாளை எட்டிப் பார்த்தாள். பஞ்சம்மாள் கேட்ட வரிசை அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"அடுத்தது மருந்துதான? இந்தவாட்டி ஆமான்னு போட்டுக்கோங்க," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.